செட்டப் பாதியில் நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடைகளுக்கும் மண்டிகளுக்கும் பில்லிங், சரக்கிருப்பு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். என் மேசையில் பிசகில்லாமல் ஓடிய செட்டப், வாடிக்கையாளரின் கணினிக்குப் போனதும் ஏதாவது ஒரு பிழைப் பெட்டியைக் காட்டி நின்றுவிடுவது பழகிப்போன காட்சி. ஒரே பிழைகளைத் திரும்பத் திரும்பத் தீர்த்ததில் ஒரு வரிசை கைவந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 கணினிகளை மனத்தில் வைத்து எழுதியது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த வரை பெரும்பாலான நிறுவல் பிழைகள் நாம் கட்டிய தொகுப்பில்தான் இருக்கின்றன, வாடிக்கையாளரின் கணினியில் அல்ல. "விண்டோஸை ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது எளிது. மறுமுனையில் இருப்பவருக்கு அது இரண்டு நாள் வியாபாரம்.

எதையும் தொடும் முன்

பிழைப் பெட்டியை முழுதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழியாக வரும் பிழை எண்ணை நம்ப வேண்டாம். 1603 என்பது 1630 ஆகி வந்திருக்கிறது. செட்டப் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்: டெஸ்க்டாப்பிலா, பென்டிரைவிலா, நெட்வொர்க் டிரைவிலா, ஜிப்புக்குள்ளேயேவா? எந்தப் பயனர் கணக்கில் உள்ளே நுழைந்திருக்கிறார், அது நிர்வாகிக் கணக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதிவுக் கோப்பு, அதாவது நிறுவலின் ஒவ்வொரு படியையும் செட்டப் எழுதிவைக்கும் கோப்பு. செட்டப் எம்எஸ்ஐ கோப்பாக (விண்டோஸ் இன்ஸ்டாலர் நிறுவும் தொகுப்பு) இருந்தால், நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் எம்எஸ்ஐஎக்செக் கட்டளையை ஓட்டுங்கள். சாய்கோடு ஐ போட்டு செட்டப்பின் பெயர், அதன்பின் சாய்கோடு எல், நட்சத்திரக்குறி, வி என மூன்றையும் ஒட்டி எழுதி, பதிவுக் கோப்பு எங்கே சேர வேண்டும் என்ற பாதை. இன்னோ செட்டப் என்ற கருவியில் கட்டியதாக இருந்தால் சாய்கோட்டுடன் லாக் என்று எழுதி, சமக்குறிக்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். எம்எஸ்ஐ பதிவு ஆயிரக்கணக்கான வரிகள் நீளும், மலைக்க வேண்டாம். அதில் "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடுங்கள். முதலில் அது வரும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளில்தான் காரணம் இருக்கும். கடைசி வரிகளில் இருப்பது விளைவு மட்டுமே.

அறிகுறி: "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்ற நீலப் பெட்டி

இது பிழை அல்ல. அறிமுகமில்லாத கோப்பைப் பற்றி ஸ்மார்ட்ஸ்கிரீன் தரும் எச்சரிக்கை. செட்டப் கோப்பின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பத்துக்கான தாவல் இருக்கிறதா என்று பாருங்கள்.

*தாவலே இல்லை.* நாம் கையொப்பமிடவில்லை. இப்போதைக்கு வேலை நடக்க வேண்டுமென்றால், கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை அதைத் தரும். நம்மிடம் உள்ளதோடு பொருந்தினால் மட்டும் "மோர் இன்ஃபோ", பிறகு "ரன் எனிவே". ஒப்பிடாமலே அதை அழுத்தப் பழக்கினால், நாளை யாரோ அனுப்பும் வைரஸுக்கும் அவர் அதையே அழுத்துவார்.

*ஜிப்பாக அனுப்பினோம்.* ஜிப்பின் பிராப்பர்ட்டீஸில் "அன்பிளாக்" கட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு விரிக்க வேண்டும். விரித்த பின் செய்தால் இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை உள்ளிருக்கும் கோப்புகளிலும் ஏறியிருக்கும்.

*கையொப்பம் இருக்கிறது, ஆனால் செல்லவில்லை.* கையொப்பமிடும்போது நேரமுத்திரை சேர்த்தோமா என்று பாருங்கள். அது இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய செட்டப்புகளின் கையொப்பமும் செல்லாமல் போகும்.

*"ரன் எனிவே" பொத்தானே வரவில்லை.* விண்டோஸ் 11-இல் அறிமுகமில்லாத செயலிகளைத் தடுக்கும் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருக்கலாம். நம் மென்பொருளுக்கு மட்டும் விலக்கு கொடுக்க அதில் வழியில்லை. விண்டோஸ் எஸ் மோடில் இருந்தாலும் ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் நிறுவ முடியாது. இரண்டையும் மாற்றுவது கணினிக்கு உரியவரின் முடிவு, நம்முடையதல்ல.

நிலையான தீர்வு, கையொப்பமிடுவதற்கான சான்றிதழ் வாங்குவது. 2023 ஜூன் 1 முதல் கையொப்பச் சாவியை வன்பொருள் டோக்கனிலோ அதற்கு நிகரான பாதுகாப்புள்ள சேவையிலோதான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அடையாளச் சரிபார்ப்பும் நாள் பிடிக்கும். எனவே வெளியீட்டுக்கு முந்தைய நாள் இதைத் தொடங்க முடியாது. சான்றிதழ் வாங்கும் வரை ஒன்று செய்யலாம். கையொப்பமில்லாத கோப்புக்கு ஸ்மார்ட்ஸ்கிரீனிடம் நற்பெயர் அந்தக் கோப்பின் ஹாஷைப் பொறுத்தே சேர்கிறது. தினமும் ஒரு புதுச் செட்டப் கட்டி அனுப்பினால் தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம்.

அறிகுறி: நிறுவி முடித்ததும் இயக்கக் கோப்பையே காணோம்

குறுக்குவழியைச் சொடுக்கினால் கோப்பு இல்லை என்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் பாதுகாப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள்; வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் தனிமைப்படுத்திய கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். யூபிஎக்ஸ் கருவி கொண்டு சுருக்கிய கோப்புகளும், பைத்தான் நிரலை இயக்கக் கோப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டியவையும் அடிக்கடி இப்படிச் சிக்கும். சுருக்குவதை நிறுத்திவிட்டு, பைஇன்ஸ்டாலரில் ஃபோல்டராகக் கட்டிப் பாருங்கள். அப்படியும் சிக்கினால் அந்த ஆன்டிவைரஸ் தயாரிப்பாளருக்குத் தவறான கண்டறிதல் என்று கோப்பை அனுப்புங்கள். மைக்ரோசாஃப்டிலும் இதற்கு வழி உண்டு.

"ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்" என்று சொல்லவே கூடாது. அணைத்ததை மறுபடி போட யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்தக் கணினியில்தான் அவர்களுடைய வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் திறக்கின்றன.

அறிகுறி: "இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது"

பெரும்பாலும் அரைகுறையாக இறங்கிய கோப்புதான். அளவையும் ஹாஷையும் ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் 64 பிட் செட்டப்பை 32 பிட் விண்டோஸில் ஓட்டுகிறார்கள். எம்எஸ்ஐ ஆனால் இதே காரணத்துக்கு 1633 வரும். 32 பிட் தொகுப்பு ஒன்றும் கட்டி வைத்திருங்கள். பழைய கடைகளில் இன்னும் அத்தகைய கணினிகள் உண்டு.

அறிகுறி: 1619, தொகுப்பைத் திறக்க முடியவில்லை

நெட்வொர்க்கில் இசட் டிரைவாக இணைத்த ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் இது வரும். பயனரின் கணக்குக்கு அந்த டிரைவ் தெரியும். நிர்வாகி அனுமதியோடு ஓடும் செட்டப்புக்குத் தெரியாது, ஏனென்றால் விண்டோஸ் அந்த இரண்டையும் வெவ்வேறு அமர்வாகவே பார்க்கிறது. கோப்பை சி டிரைவில் ஒரு சிறு ஃபோல்டருக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். ஜிப்பை விரிக்காமல் உள்ளேயே சொடுக்கினார்களா என்றும் பாருங்கள்.

1625 வந்தால் நிறுவன விதி தடுக்கிறது. அங்கே எதையும் மாற்ற முயலாமல் அந்த அலுவலகத்தின் கணினி நிர்வாகியை அழையுங்கள்.

அறிகுறி: 1618, வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது

விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு நிறுவலைத்தான் நடத்தும். பத்து நிமிடம் பொறுங்கள், பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன்பின் ரீஸ்டார்ட். எல்லாக் கணினியிலும் எப்போதும் இதே பிழை என்றால், நம் எம்எஸ்ஐயின் உள்ளிருந்தே இன்னொரு எம்எஸ்ஐயை ஓட்ட முயல்கிறோம். அது ஒருநாளும் நடக்காது. இரண்டையும் வரிசையாக ஓட்டும் ஒரு தொடக்க நிரலாக மாற்றிக் கட்டுங்கள்.

3010 என்று வந்தால் கலங்க வேண்டாம். நிறுவல் வெற்றி, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் இந்த எண்ணைத் தோல்வியாகக் கணக்கிடாதீர்கள்.

அறிகுறி: 1603, முக்கால்வாசி ஓடிப் பின்வாங்குகிறது

பச்சைக் கோடு முக்கால் தூரம் போகும், நிற்கும், பின்னோக்கி வரும். 1603 என்பது "ஏதோ தவறிவிட்டது" என்பதற்கு மேல் எதையும் சொல்லாத எண். பதிவுக் கோப்பு இல்லாமல் இதைத் துரத்துவது இருட்டில் கல்லெறிவதுதான்.

*கோப்பு பயன்பாட்டில் உள்ளது.* பழைய பதிப்பு திறந்தே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் எல்லாப் பயனர்களின் செயல்களையும் பாருங்கள். "ஸ்விட்ச் யூசர்" போட்டுவிட்டுப் போன மாலை நேரக் காசாளரின் கணக்கில் நம் மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

*சிஸ்டம் கணக்குக்கு அனுமதி இல்லை.* உண்மையில் கோப்புகளை எழுதுவது பயனர் அல்ல, சிஸ்டம் என்ற கணக்கில் ஓடும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை. நிறுவும் ஃபோல்டரின் செக்யூரிட்டி தாவலில் சிஸ்டத்துக்கு முழு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஃபோல்டர் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், சப்ஸ்ட் கட்டளையால் உண்டாக்கிய போலி டிரைவாக இருந்தாலும் இதே கதை. 2502, 2503 என்ற எண்கள் கூடவே வந்தால் விண்டோஸுக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரின் அனுமதியைச் சரிசெய்ய வேண்டும். அவசரத்துக்கு, நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டிலிருந்து எம்எஸ்ஐயை ஓட்டினால் தாண்டிவிடும்.

*நாம் எழுதிய கூடுதல் நிரல் விழுகிறது.* பதிவில் 1720 இருந்தால் ஸ்கிரிப்ட், 1723 இருந்தால் ஒரு டிஎல்எல்லோ (நிரலுக்குத் துணையான நூலகக் கோப்பு) அதற்குத் தேவையான இன்னொரு டிஎல்எல்லோ இல்லை. விபிஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நிறுவல் படிகள் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் விபிஸ்கிரிப்ட் விருப்பக் கூறாக மாறிவிட்டது; பின்னாளில் முற்றிலும் நீங்கப் போகிறது.

*சேவை தொடங்கவில்லை, 1920.* "போதுமான உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்" என்று பெட்டி சொல்லும். அதை நம்பி உரிமைகளைத் துழாவிக்கொண்டிருக்காதீர்கள். என் அனுபவத்தில் உரிமை காரணமாக இருந்தது மிகக் குறைவு. அந்தச் சேவைக்குத் தேவையான டிஎல்எல் இல்லாதது, அமைப்புக் கோப்பில் பிழை, அது கேட்கும் போர்ட்டை வேறொன்று பிடித்திருப்பது ஆகியவையே உண்மைக் காரணங்கள். பெட்டி திரையில் இருக்கும்போது "ரீட்ரை"யையும் அழுத்த வேண்டாம், "கேன்சல்" கூடவே கூடாது. கேன்சல் செய்தால் எழுதிய கோப்புகளையெல்லாம் செட்டப் துடைத்துவிடும், தடயமும் போய்விடும். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, சேவையின் இயக்கக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குப் போய் அதைக் கமாண்ட் பிராம்ப்டில் கையால் ஓட்டுங்கள். எந்த டிஎல்எல் இல்லை என்று அதுவே சொல்லிவிடும். சொல்லாவிட்டால் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு கணினியில் மட்டும் 1603 நீடித்தால், விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள். அதுவும் சரிசெய்ய முடியவில்லை என்றால் விண்டோஸைப் பழுதுநீக்கும் டிஐஎஸ்எம் ரீஸ்டோர்ஹெல்த் கட்டளை. அதுவும் தோற்றால் விண்டோஸே பழுதாகியிருக்கிறது. அங்கே நிறுத்திக்கொண்டு, கணினி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: நிறுவல் முடிந்தது, மென்பொருள் திறக்கவில்லை

*விசிரன்டைம்140 அல்லது எம்எஸ்விசிபி140 டிஎல்எல் இல்லை.* இந்த டிஎல்எல்கள் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை மைக்ரோசாஃப்டிடமிருந்தே இறக்கி நிறுவுங்கள். எந்தப் பிட் என்பதை நம் மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடினால் 32 பிட் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்தான் வேண்டும். இந்த ஒரு குழப்பத்தில் போகும் நேரத்துக்கு அளவில்லை. தேடுபொறியில் கிடைக்கும் தளங்களிலிருந்து தனி டிஎல்எல்லை இறக்கி சிஸ்டம்32-இல் போடுவதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

*கேட்கும் டிஎல்எல்லின் பெயர் 140டி என்று முடிகிறது.* இது நம் தவறு. பிழை தேடுவதற்காக நமக்குள் வைத்துக்கொள்ளும் டீபக் முறையில் கட்டியதை அனுப்பிவிட்டோம். அந்த டிஎல்எல்லை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் உரிமமே நமக்கு இல்லை. ரிலீஸ் முறையில் மறுபடி கட்டுங்கள்.

*டாட்நெட் இல்லை.* இது மைக்ரோசாஃப்டின் நிரலாக்க அடித்தளம்; அதில் எழுதிய மென்பொருள் அது இல்லாமல் ஓடாது. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸ் 10-இன் 1903 முதல் கூடவே வருகிறது. டாட்நெட் 8 போன்ற புதியவை வருவதில்லை. டெஸ்க்டாப் ரன்டைமைத் தனியாக நிறுவ வேண்டும், அல்லது ரன்டைமையும் உள்ளடக்கிக் கட்ட வேண்டும். இணையம் விட்டுவிட்டு வரும் கடைகளுக்கு நான் உள்ளடக்கியே கொடுக்கிறேன். கோப்பு பெரிதானாலும் மறு அழைப்பு வராது.

*ஏஸ் ஓலெடிபி 12.0 பதிவு செய்யப்படவில்லை.* ஆக்சஸ் கோப்பைப் படிக்கும் இணைப்பு நிரல் இது. ஆக்சஸ் கோப்பில் தரவு வைக்கும் மென்பொருள்களில் ஓயாத தொல்லை. கணினியில் உள்ள ஆபீஸ் 64 பிட்டாகவும் நம் மென்பொருள் 32 பிட்டாகவும் இருக்கும், அல்லது தலைகீழாக. இரண்டு பிட் தொகுப்பும் கட்டி, ஆபீஸுக்குப் பொருந்துவதைக் கொடுப்பது உடனடி வழி. செலவானாலும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாறுவது நிரந்தர வழி.

அறிகுறி: முதலாளி கணக்கில் ஓடுகிறது, ஊழியர் கணக்கில் ஓடவில்லை

இதன் இன்னொரு முகம் பயங்கரமானது: ஊழியர் நேற்றுப் போட்ட பில்கள் முதலாளிக்குத் தெரிவதில்லை. பழி ஊழியர் மேல் விழும். யாரையும் சந்தேகிக்கும் முன், அந்த ஊழியரின் ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயலும் பழைய பாணி 32 பிட் மென்பொருளை விண்டோஸ் தடுக்காது. அவரவர் வர்ச்சுவல்ஸ்டோருக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். தரவுக் கோப்பு ஆளுக்கொன்றாகப் பிரிந்திருக்கும். தொலைந்ததாக நினைத்த பில்கள் அங்கே அப்படியே இருக்கும்.

எல்லா நகல்களையும் முதலில் காப்பெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தரவை புரோகிராம்டேட்டாவுக்கு நகர்த்தி, அந்த ஃபோல்டருக்குச் சாதாரணப் பயனர்களும் எழுதும் அனுமதியைச் செட்டப்பே கொடுக்கும்படி மாற்றுங்கள். பிரிந்த தரவை ஒன்றிணைப்பதில் பில் எண்கள் மோதும். கணக்காளரை அருகில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும்.

ஊழியர் கணக்கில் ஓட மறுப்பது மட்டும் என்றால், நிர்வாகியின் கடவுச்சொல் கொடுத்து நிறுவியபோது அமைப்புகளெல்லாம் நிர்வாகியின் ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் போய் உட்கார்ந்திருக்கும். பயனர் அமைப்புகளைச் செட்டப் எழுதக் கூடாது. மென்பொருள் முதன்முறை திறக்கும்போது எழுதிக்கொள்ளட்டும்.

அறிகுறி: புதிய பதிப்பு ஏறவில்லை

*1638.* பதிப்பு எண்ணை மாற்றினோம், புராடக்ட் கோடை (ஒரு வெளியீட்டை அடையாளம் காட்டும் குறியீடு) மாற்றவில்லை. பெரிய மேம்படுத்தலில் புராடக்ட் கோடு புதிதாகவும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான அப்கிரேட் கோடு பழையதாகவும் இருக்க வேண்டும்.

*நிறுவிய செயலிகளின் பட்டியலில் இரண்டு முறை வருகிறது.* அப்கிரேட் கோடு மாறிவிட்டது, அல்லது நான்காவது எண்ணை மட்டும் கூட்டியிருக்கிறோம். எம்எஸ்ஐ முதல் மூன்று எண்களைத்தான் ஒப்பிடும், 2.1.0.5 என்பதும் 2.1.0.6 என்பதும் அதற்கு ஒன்றே. ஆண்டைப் பதிப்பு எண்ணாக வைத்து 2024.1 என்று எழுதுவதும் செல்லாது, முதல் எண்ணுக்கு உச்சவரம்பு 255.

*1612 அல்லது 1714, பழையதை நீக்க முடியவில்லை.* நீக்கும் வேலைக்காக விண்டோஸ் பழைய எம்எஸ்ஐயின் நகலை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்ற மறைவான ஃபோல்டரில் வைத்திருக்கும். இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று யாரோ அதைக் காலி செய்திருப்பார்கள். அப்போது வெளியிட்ட அதே எம்எஸ்ஐ வேண்டும். அதே மூலநிரலிலிருந்து இன்று மறுபடி கட்டியது பொருந்தாது, ஒவ்வொரு முறை கட்டும்போதும் தொகுப்புக் குறியீடு மாறிவிடும். வெளியிட்ட ஒவ்வோர் எம்எஸ்ஐயையும் அழிக்காமல் வைத்திருங்கள். வைத்திருக்கவில்லை என்றால் நிறுவல், நீக்கல் சிக்கல்களுக்கென மைக்ரோசாஃப்ட் தரும் சரிசெய்யும் கருவியை முயலலாம். ரெஜிஸ்ட்ரியைக் கையால் வெட்டுவது கடைசி வழி. பழகியவர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வருகின்றன

விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கம் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) எதுவும் கிடையாது. யூனிகோடு மட்டுமே வழி. யூனிகோடு அல்லாத செட்டப்பில் தமிழ் கேள்விக்குறியாகத்தான் வரும். செட்டப் கட்ட என்எஸ்ஐஎஸ் கருவியைப் பயன்படுத்தினால் யூனிகோடு தேர்வைப் போட்டுக் கட்டுங்கள். இன்னோ செட்டப் 6 முழுக்க யூனிகோடே. பயனரின் பெயர் தமிழில் இருந்தால் டெம்ப் ஃபோல்டரின் பாதையிலும் தமிழ் வரும். பழைய கருவிகள் அங்கேயே விழும். ஆங்கிலப் பெயரில் ஒரு புதுக் கணக்கு உண்டாக்கி நிறுவிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

கேள்விக்குறி இல்லாமல் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால், பில் தலைப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1809 முதல் எழுத்துருவைப் பயனர் ஒருவருக்கு மட்டும் நிறுவவும் முடியும். அதனால் ஒரு காசாளருக்குச் சரியாகவும் அடுத்தவருக்குக் குப்பையாகவும் அச்சாகும். எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது

கோப்பு சிதைந்திருக்கிறது என்று பெட்டி சொல்லும். ஹாஷ் சரியாக இருக்கும். மறுபடி ஓட்டினால் வேறொரு கோப்பின் பெயரைச் சொல்லும். பென்டிரைவிலிருந்து ஓட்டினால் முதலில் சி டிரைவுக்கு நகலெடுத்து முயலுங்கள். அங்கேயும் அப்படியே என்றால் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வட்டில் பழுதான பகுதிகள் இருக்கின்றன. இல்லையென்றால் விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓட்டி ரேமைப் பாருங்கள்.

வட்டுதான் என்று தெரிந்தால் அதற்குமேல் எதையும் நிறுவ முயல வேண்டாம். வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளை கூட வேண்டாம், சாகக்கிடக்கும் வட்டுக்கு அந்த உழைப்பே கடைசி அடியாகலாம். அவர்களின் தரவுத்தளத்தை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பாருங்கள். அதன்பின் கணினியை அணைத்துவிட்டு வன்பொருள் பழுதுபார்ப்பவரை அழைக்கச் சொல்லுங்கள். நகலெடுக்கும்போதே வட்டு தடுமாறினால், அதையும் நீங்கள் முயலாமல் தரவு மீட்பு செய்பவரிடம் நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள்.